நங்கூரம் விழுந்த இடம்

கடலைக் காக்கும் வேலை என்றால் நாளெல்லாம் தண்ணீருக்குள் இருக்கலாம் என்று நம்பித்தான் அந்தச் சின்னத் தீவுக்குப் போனேன். பாதி வேலை கரையில்தான் என்பது முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. ஆமைக் குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் பக்கம்தான் ஓடும். அதனால் முட்டை பொரியும் நாட்களில் கடற்கரை விளக்குகளை அணைக்கச் சொல்லி வீடு வீடாக ஏறி இறங்குவோம்.

ஒருநாள் கணக்கெடுப்புக்கு முங்கியபோது, ஆறு மீட்டர் ஆழத்தில் ஓர் உருண்டைப் பவளத்தை நங்கூரச் சங்கிலி சுற்றிக் கிடந்தது. மேலே படகு ஆட ஆட, சங்கிலி அறுத்து அறுத்து ஒரு பக்கத்துத் தோல் முழுவதும் உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. போரைட்டிஸ் வகை. ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளரும். அந்த உருண்டை ஒரு மீட்டர் உயரம் இருந்தது. என் பாட்டி பிறப்பதற்கு முன்பே அங்கே இருந்திருக்கும்.

கோபத்தோடு கரையேறினேன். படகுக்காரர் வயதில் மூத்தவர். "மணல்ல போட்டா நங்கூரம் இழுபடுதும்மா. ஆளுங்களோட படகு பார்ல மோதினா யாரு பதில் சொல்றது?" என்றார். பவளப்பாறைத் திட்டைத்தான் பார் என்பார்கள். என்னிடம் பதில் இல்லை.

நங்கூரமே போடாமல் படகைக் கட்ட மிதவைகள் போடுவதென்று முடிவானது. வரைபடத்தில் நாங்கள் குறித்த இரண்டு இடங்களைப் பார்த்ததுமே, "இங்க நீரோட்டம் படகைப் பாருக்கே தள்ளும்" என்றார் அவர். அவர் காட்டிய இடங்களில்தான் போட்டோம். சிப்பி ஒட்டிக் கயிறு தேய்ந்துவிடும் என்பதால் மாதம் ஒருமுறை முங்கி, கயிற்றைக் கையால் தடவிப் பார்ப்போம். ஒரு கயிறு அறுந்து ஒரு படகு போனால், அப்புறம் யாரும் நம்மை நம்ப மாட்டார்கள்.

2023-இல் உலகெங்கும் தொடங்கிய பவள வெளுப்பு எங்கள் பாருக்கும் வந்தது. வழக்கமான உச்சத்தைவிட 1 டிகிரி கூடி, அந்தச் சூடு சில வாரம் நீடித்தாலே போதும், பவளம் தனக்குச் சோறு போடும் பாசியை வெளியே தள்ளி வெளுத்துவிடும். அதற்கு எந்த மிதவையும் உதவாது. அந்த வாரங்களில் நான் சரியாகத் தூங்கவில்லை. சூட்டை என்னால் தணிக்க முடியாது. சங்கிலிக் காயமாவது இனி சேராமல் பார்த்துக்கொள்ளலாம்.

நீர் குளிர்ந்த பிறகு அந்த உருண்டையைத் தேடிப் போனேன். வடுவின் விளிம்பில் விரல் அகலத்துக்குப் புதுத் தோல் ஏறியிருந்தது. படகில் ஏறியதும் அவர்தான் முதலில் கேட்டார்: "அந்த உருண்டை எப்படிம்மா இருக்கு?"