ஜோடியாக மனநல ஆலோசனைக்குப் போன கதை: முதல்ல பதிவு எண்ணைக் கேளுங்க

கோவையில் முதலில் போன இடத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. உடல், மனம், ஆன்மா எல்லாவற்றுக்கும் ஒரே கூரையில் சிகிச்சை என்று பலகை. திருப்பூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனால், பத்து சிட்டிங்குக்கும் மொத்தமாகப் பணம் கட்டச் சொன்னார்கள். பாதி கட்டினோம். வரவேற்பில் இருந்த பெண், ஹால் நிறைய ஆள் இருக்கையில், "புருஷன் பொண்டாட்டி பிரச்சினைங்களா?" என்று சத்தமாகக் கேட்டார். வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவரைத் திரும்ப உட்கார வைத்தது தனிக் கதை.

உள்ளே இருந்தவர் தூக்கம், வேலை நேரம் எதையும் விசாரிக்கவில்லை. நேராக ஆரா ஸ்கேன், ராசிக்கல் என்று ஆரம்பித்தார். ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு எண் கேட்டேன். "அதெல்லாம் ஆஸ்பத்திரிக்காரங்களுக்குங்க" என்றார். எழுந்து வந்துவிட்டோம். சண்டை போட்டும் கட்டியதில் கொஞ்சம்தான் திரும்பி வந்தது.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று தொழில் செய்ய இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும். கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். பணம் கட்டுவதற்கு முன்பே தேடுங்கள்.

அடுத்துப் பார்த்தவர் கேட்கும் முன்பே எண்ணைக் காட்டினார். அவர் தந்த படிவத்தில் தூக்கம், சாப்பாடு, மாதவிடாய், நைட் ஷிப்ட், வீட்டில் யார் யார் என்று எல்லாமே இருந்தது. முதல் வேலையாக என்னைத் தைராய்டு பரிசோதனைக்கு அனுப்பினார். சோர்வும் எரிச்சலும் தைராய்டு குறைவாலும் வரும் என்றார். டி.எஸ்.எச். (தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் அளவு) ஏறித்தான் இருந்தது, மாத்திரை டாக்டர் தந்தார், சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார். உன் கோபத்தில் பாதி தைராய்டு என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார். மீதிப் பாதி யாரால் என்று அவருக்கே தெரியும்.

இருவரையும் முதலில் தனித்தனியாகப் பார்த்தார். அடி உதை இருக்கும் வீடானால் ஜோடியாக உட்கார வைப்பதே ஆபத்து, அதைக் கேட்கத்தான் என்று பிறகு புரிந்தது. இன்னொன்றும் சொல்லிவிட்டார்: இருவரையும் பாதிக்கும் ரகசியத்தை மறைத்து வைக்க மாட்டேன், நீங்களேதான் சேர்ந்து உட்காரும்போது சொல்லணும். இதில் ஆளுக்கு ஆள் வழக்கம் வேறாம். முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது.

வீட்டில் அத்தையிடம் மருதமலைக்கு என்று சொல்லிவிட்டுத்தான் போனோம். திருநீறு எங்கே கண்ணு என்று கேட்டதால், அதன் பிறகு நிஜமாகவே மலையேறிவிட்டுத்தான் திரும்ப வேண்டியிருந்தது.

அமர்வுகள் நன்றாகவே போயின. அங்கே சொல்லித் தந்த ஒரு விதி: சண்டை சூடானால் இருபது நிமிடம் தள்ளிப் போகலாம், ஆனால் எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போகணும். சரக்கு அனுப்பும் ஷிப்மெண்ட் ராத்திரி ஒன்றில், "இருபது நிமிஷம் குடு அம்மிணி" என்று மொட்டை மாடிக்குப் போனவர் சொன்னபடி திரும்பி வந்தார். கல்யாணமான நாளிலிருந்து நடக்காத அதிசயம்.

இன்ஷூரன்ஸ்காரர்கள் பில்லைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உடல் நோய்க்குத் தருவது போலவே மன நோய்க்கும் காப்பீடு தரணும் என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது, சரி. ஆனால் எங்கள் பாலிசியில் ஆஸ்பத்திரியில் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம். புறநோயாளிச் செலவு கிடையாது. கைக்காசு இல்லாதவர்கள் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416-ஐக் கூப்பிடலாம்: இலவசம், தமிழிலும் பேசலாம், எந்நேரமும் எடுப்பார்கள்.

எங்கள் ஆலோசகரிடம் முந்தின நாளே சொல்லாமல் ரத்து செய்தால் முழுக் கட்டணம். ஷிப்மெண்ட் மாதத்தில் அதற்கும் தண்டம் அழுதோம்.