பூச்சு காயும் வரை

பிப்ரவரி 5

எங்கள் பழைய செட்டிநாட்டு வீட்டில் பழுதுபார்க்கும் வேலை. முகப்பும் பட்டாலையும் (முன்பக்கக் கூடம்) காலி. பெட்டகம், கட்டில், ஆத்தாவின் பாத்திரங்கள் எல்லாம் இரண்டாம் கட்டுக்கு வந்துவிட்டன. வீட்டில் பங்குள்ள பங்காளிகளில் எல்லாப் புள்ளியும் (குடும்பமும்) சம்மதித்து, ஆளுக்கு இவ்வளவு என்று பேசி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பிப்ரவரி 9

காண்ட்ராக்டர் ஒருவர் வந்து பார்த்தார். "பழைய பூச்சை மொத்தமா கொத்திட்டு, சிமெண்ட் பூசி புட்டி அடிச்சிடலாம் சார். ஒரே மாசம்." தொகையையும் மொத்தமாகத்தான் சொன்னார். சுவருக்கு எவ்வளவு, தரைக்கு எவ்வளவு என்று பிரித்துத் தரவில்லை. நிலைக்கதவைக் கழற்றி காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கொடுத்தால் நல்ல விலை போகும் என்றும் சொன்னார். பர்மா தேக்கு! ஆத்தா பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அவர் வேண்டாம் என்று முடிவு செய்தோம். அடுப்படிச் சுவர் ஒன்றே போதும் சாட்சிக்கு. முன்பு யாரோ அதில் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். இப்போது இடுப்பளவு உயரத்துக்கு உப்புப் பூத்து, விரலால் அழுத்தினால் உள்ளே இருக்கும் செங்கல் மாவாக உதிர்கிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்டைப் பூசி அடைத்தால் அந்த ஈரம் எங்கே போகும்?

பிப்ரவரி 17

முதலில் கூரை. ஒழுகும் ஓட்டுக்குக் கீழே பூசி என்ன பயன்? நல்ல நாட்டு ஓடு கிடைப்பதுதான் கஷ்டம். பக்கத்து ஊரில் இடித்த வீட்டிலிருந்து வண்டியில் வந்தது. வாங்கும்போது மனசு கனத்தது.

பிப்ரவரி 26

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைத்துவிட்டார். வயதானவர். "சதுர அடிக் கணக்கு வேணாம் தம்பி, நாள் கூலியா குடுங்க. அடிக் கணக்குன்னா கை தானா ஓடும்" என்றார். நியாயமான பேச்சு. நீற்றிய சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருக்கிறது, பக்கத்துத் தொட்டியில் கடுக்காயும் வெல்லமும்.

மார்ச் 4

இன்று நல்ல சண்டை. எலக்ட்ரீஷியன் மெஷினை வைத்துப் பட்டாலைச் சுவரை அறுக்கத் தொடங்கிவிட்டார். சத்தம் கேட்டு ஓடுவதற்குள் ஒரு முழ நீளம் போய்விட்டது. நூறு வருடப் பூச்சு, கண்ணாடி மாதிரி முகம் தெரியும். ஒயரை உத்தரத்தை ஒட்டி மர உறைக்குள் கொண்டு போகலாம் என்று முதல் நாளே பேசியிருந்தோம். சாயந்திரம் கொத்தனாரும் நானும் சாக்பீஸால் வழியைக் கோடு போட்டுக் காட்டினோம். இனி கோட்டைத் தாண்டி யாரும் கை வைக்கக் கூடாது.

மார்ச் 11

ஆத்தங்குடி. பின்கட்டுத் தரைக்குப் பூக்கல் (கையால் செய்யும் பூப்போட்ட தரைக்கல்) சொல்லிவிட்டு வந்தேன். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகச் சாயம் கலந்த சிமெண்டை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்தபின் கோடு கலையாமல் நிற்பது கைப்பழக்கம்தான். மேலே உலர்ந்த கலவையைத் தூவி, அப்புறம் ஈரக் கலவை. சூளையே கிடையாது, தண்ணீரில் ஊறித்தான் கல் இறுகுகிறது. அவசரப்படுத்தாதீர்கள், கழுவும்போது ஆசிட் மட்டும் தொடாதீர்கள் என்றார்கள்.

மார்ச் 19

மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா. சித்தாள்கள் காப்புக் கட்டியிருக்கிறார்கள், பால்குடம் முடியாமல் வேலைக்கு வரமாட்டார்கள். வரச் சொல்லவும் கூடாது. வெயிலில் பூச்சு வெடிக்காமல் இருக்க நானும் ஆத்தாவும் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறோம்.

ஏப்ரல் 3

கடைசிப் பூச்சு. மையாக அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு. கொத்தனார் வழுவழுப்பான கல்லை எடுத்து, ஒரே இடத்தில் நின்று தேய்த்துக்கொண்டே இருந்தார். பேச்சில்லை. பால் நிறத்தில் இருந்த சுவரில் மெல்ல ஒரு மினுமினுப்பு ஏறியது. எலக்ட்ரீஷியன் அறுத்த இடத்தைத் தேடிப் பார்த்தேன், கொஞ்சம் வெளுப்பாகத் தெரிகிறது. நாளாக ஆகச் சேர்ந்துவிடும் என்கிறார்.

நாளை பிளம்பர் வருகிறார். குழாய் முழுக்கச் சுவருக்கு வெளியேதான் என்று எழுதிக் கையெழுத்து வாங்கியாயிற்று.