ஆமைக்குஞ்சுக்கும் ஆட்களுக்கும் ஒரே கறுப்பு: ஒரு கலர் லினோகட் அனுபவம்

லினோகட் (லினோலியத் துண்டைச் செதுக்கி, மை தடவித் தாளில் எடுக்கும் அச்சு) என்றதும் பலருக்கு நினைவு வருவது நந்தலால் போஸ் 1930ல் செய்த காந்தி படம்தான். கறுப்புப் பின்னணி, வெள்ளைக் கோடுகள், கையில் கோலோடு நடக்கும் உருவம். அதற்கு வேறு நிறமே தேவையில்லை. ஆனால் நான் செய்ய நினைத்த படம் நிறம் இல்லாமல் நிற்காது. சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் சாயங்காலம் ஆமைக்குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள் இல்லையா, கயிற்றுக்கு இந்தப் பக்கம் குந்தியிருக்கும் கூட்டம், அந்தப் பக்கம் ஈர மணலில் தத்திப் போகும் குஞ்சுகள், தள்ளி ஊரின் ஆரஞ்சு வெளிச்சம். அதைத்தான் கலரில் அச்சிட ஆசை.

தெரியாதவர்களுக்கு: பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) ஜனவரியிலிருந்து நம் கடற்கரையில் முட்டையிட வரும். எஸ்.எஸ்.டி.சி.என். என்கிற மாணவர் அமைப்பு 1988லிருந்து இரவெல்லாம் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறது. சுமார் 45 முதல் 60 நாளில் குஞ்சு வெளிவரும். குஞ்சுகள் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போகும். ஊர் விளக்குகள் கடலைவிடப் பிரகாசமாக இருந்தால் ரோட்டைப் பார்த்து நடந்துவிடும். அதனால் அந்த ஆரஞ்சு வானம் என் படத்தில் வெறும் அழகு இல்லை, ஆபத்தும் அதுதான்.

'மனிதனும் இயற்கையும்' என்று தேடினால் வரும் படங்களில் எனக்குப் பொறுமை கிடையாது. மரத்தைக் கட்டிப்பிடித்த பெண், உள்ளங்கையில் செடி, எல்லாம் வங்கி காலண்டரில் பார்த்துச் சலித்தாயிற்று. கடற்கரையில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைப் பாருங்கள், யாரும் எதையும் தொடுவதில்லை, தொடவும் விடமாட்டார்கள், ஃபிளாஷ் அடித்தால் திட்டு விழும். சும்மா வழி விட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த உறவைக் கை கால் பாவனையில் காட்ட முடியாது என்று ஸ்கெட்ச் போடும்போதே தெரிந்துவிட்டது, நிறத்தில்தான் காட்ட வேண்டும்.

இங்கேதான் ரிடக்‌ஷன் முறை கை கொடுத்தது. நிறத்துக்கு ஒரு பலகை என்று தனித்தனியாகச் செதுக்காமல், ஒரே லினோ துண்டிலேயே எல்லா நிறமும். முதலில் வெள்ளையாக விட வேண்டிய இடத்தை மட்டும் செதுக்கிவிட்டு மிக வெளிர் நிறத்தை எல்லாத் தாள்களிலும் அச்சிட வேண்டும். அப்புறம் அந்த நிறமாகவே நிற்க வேண்டிய இடத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு, அதன் மேலேயே அடுத்த அடர்நிறம். இப்படியே கடைசிக் கறுப்பு வரை. பிக்காஸோ 1950களின் கடைசியில் பிரான்ஸின் வல்லோரிஸ் ஊரில் அர்னேரா என்ற அச்சாளரோடு சேர்ந்து இதைச் செய்த பிறகுதான் முறை பிரபலமானது. செதுக்கியதைத் திருப்பி ஒட்ட முடியாது, பலகை கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகிவிடும், ஆகவே எத்தனை படிகள் (பிரதிகள்) என்பதை முதல் நாளே முடிவு செய்ய வேண்டும். பத்து நல்ல படிகள் வேண்டுமென்றால் பதினைந்து தாளிலாவது தொடங்குங்கள்.

இந்த முறையில் ஒரு நிறத்தை ஓர் ஆளுக்கு மட்டும் என்று தனியாக ஒதுக்குவது கஷ்டம். ஒரு அடுக்கு அச்சிட்டால் அது எங்கெல்லாம் செதுக்கப்படவில்லையோ அங்கெல்லாம் விழும். நான் அதையே திட்டமாக்கிக்கொண்டேன். நேரில் பார்க்கும்போது கூட்டத்தில் சிவப்புச் சட்டை, மஞ்சள் சுடிதார் எல்லாம் உண்டு. முதல் கலர் ஸ்கெட்சில் அப்படித்தான் வரைந்திருந்தேன், கூட்டம் ஒரு பக்கம் கடல் ஒரு பக்கம் என்று இரண்டு படமாகப் பிரிந்து நின்றது. சட்டை நிறங்களை எல்லாம் தூக்கிவிட்டு இப்படி வைத்தேன்: தாளின் வெள்ளை அலை நுரைக்கு மட்டும். வெளிர் ஆரஞ்சு வானத்துக்கும், ஈர மணலில் அதன் பிரதிபலிப்புக்கும், முகங்களின் ஓரத்துக்கும். காவி கலந்த பழுப்பு மணலுக்கும் ஆட்களின் கை கால்களுக்கும். நீலம் கடலுக்கும் உடைகளுக்கும். கடைசிக் கறுப்பு குஞ்சுகளுக்கும், கயிற்றுக்கும், தலைமுடிக்கும், நிழல்களுக்கும்.

லினோவில் பெரும்பகுதி காய்ச்சி இறுகிய ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும், அடியில் சணல் துணி. பழைய துண்டாக இருந்தால் இறுகிக் கிடக்கும். நம் ஊரில் அதற்குப் பிரச்சினையே இல்லை, பத்து நிமிடம் வெயிலில் வைத்தால் உளி வழுக்கிக்கொண்டு போகும். படத்தை டிரேசிங் தாளில் எடுத்துத் திருப்பிப் போட்டு, கார்பன் வைத்துப் பிரதி எடுத்து, கோடுகளை இந்தியன் இங்க்கால் உறுதி செய்துகொண்டேன். திருப்பிப் போடுவது முக்கியம். கடலைப் பார்த்து நின்றால் வடக்கு இடது கைப்பக்கம், அடையாறு முகத்துவாரமும் மெரினாப் பக்க விளக்குகளும் அங்கேதான். திருப்பாமல் செதுக்கினால் அந்த வெளிச்சமெல்லாம் திருவான்மியூர் பக்கம் போய்விடும். உளியைப் பிடிக்காத கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்கட்டும். இதை எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்லிவிடுகிறேன்.

மைக்கு நான் போனது ஆஃப்செட் பக்கம். திருவல்லிக்கேணியில் தெரிந்த அச்சகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டேன், கலைப் பொருள் கடையில் டியூப் வாங்குவதைவிட எவ்வளவோ மலிவு. அச்சகத்து மஞ்சள், மெஜந்தா, சயான் எல்லாம் கண்ணாடித்தன்மை உள்ளவை, அதாவது அடியில் இருப்பது தெரியும். பழுப்பின் மேல் நீலம் விழுந்தபோது நல்ல நீலம் வரவில்லை, சாம்பலும் பச்சையும் கலந்த ஒன்று வந்தது. அதைத்தான் எதிர்பார்த்தேன், வங்காள விரிகுடா ஆறரை மணிக்கு அந்த நிறம்தான். சுத்தமான நீலம் வேண்டும் என்கிறவர்கள் வெள்ளை கலந்து மூட வேண்டும், ஆனால் அப்படி மூடினால் மணலுக்கும் கடலுக்கும் இருக்கும் தொடர்பும் சேர்ந்து மூடிப்போகும்.

வானத்துக்கு மட்டும் ஒரு வேலை செய்தேன். கண்ணாடிப் பலகையில் ஆரஞ்சையும் வெளிர் மஞ்சளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே ரோலரால் உருட்டினால் நடுவில் இரண்டும் கலந்து படிப்படியாக மாறும். ரோலர் எப்போதும் ஒரே தடத்தில் போக வேண்டும். அப்படிப் போனாலும் தாளுக்குத் தாள் ஆரஞ்சு கொஞ்சம் உள்ளே வந்துகொண்டே இருக்கும், அதனால் எந்த இரண்டு படியின் வானமும் ஒன்று போல இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

தாள் விஷயத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். புதுச்சேரிக் கைத்தாள் மேல் எனக்கு ஆசைதான். ஆனால் வீட்டில் கையால் தேய்த்து அச்சிடும்போது அதன் சொரசொரப்பில் மை முழுதாகப் பிடிப்பதில்லை. நனைத்து அச்சிட்டால் பிடிக்கும், ஒரு நிறம் என்றால் அப்படிச் செய்யலாம். நாலைந்து நிறம் என்றால் நனைந்த தாள் விரிந்து சுருங்கி நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று உட்காராது. விளிம்பும் நேராக இருக்காது. வழுவழுப்பான மெல்லிய தாளை உலர்வாகவே பயன்படுத்தினேன். பலகையைச் சுற்றி அட்டையில் ஒரு சட்டம், மூலையில் ஒரு முட்டு, தாளின் ஒரே மூலை ஒவ்வொரு தடவையும் அதில் போய் இடிக்க வேண்டும், நிறங்களை ஒன்றின் மேல் ஒன்று பொருத்தும் முறை அவ்வளவுதான். தேய்க்க மரக்கரண்டியின் முதுகு. கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி மாதிரியான இடத்தில் அச்சு இயந்திரம் கிடைத்தால் போங்கள், தோள்பட்டை நன்றி சொல்லும்.

காய்வதுதான் பெரிய சோதனை. எண்ணெய் மை காற்றோடு வினைபுரிந்து இறுகுவது, தண்ணீர் போல ஆவியாவதில்லை. துணி காயப்போடும் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டேன். வெளியே மழையும் புழுக்கமும் இருந்தால் ஒரு அடுக்கு ஒரு வாரம்கூடப் பிசுபிசுவென்று நிற்கும். ஈரம் போகாமல் அடுத்ததை அச்சிட்டால் மேல் மை கீழ் மையைப் பிடுங்கிக்கொண்டு வரும். மையை மெல்லியதாகப் போடுவதுதான் வழி. பலகையில் உருட்டும்போது மை ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தால் அதிகம் என்று அர்த்தம். ரோலர் 'ஸ்ஸ்' என்று மெல்லச் சத்தம் போட்டால் சரியான அளவு. பலகையைத் துடைக்கச் சமையல் எண்ணெயும் பழந்துணியும் போதும், மண்ணெண்ணெய் வாடையில் வீட்டில் யாரும் பேச மாட்டார்கள்.

கடைசி அடுக்கு வரை படம் மங்கலாகவே இருந்தது. உண்மையைச் சொன்னால் நீலம் முடிந்ததும் பார்த்தவர்கள் என்ன படம் என்றே கேட்டார்கள். கறுப்பில் கொஞ்சம் இண்டிகோ கலந்து அச்சிட்டதும் குஞ்சுகளும், குந்தியிருக்கும் பாட்டியின் கொண்டையும், ஒரு பையனின் தலையும் ஒரே நேரத்தில் மேலே எழுந்து வந்தன. ஒரே மை, ஒரே அழுத்தம். குஞ்சுகளைத் தனி நிறத்தில் எடுப்பாகக் காட்டியிருக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். காட்டியிருந்தால் பார்க்கிறவர்கள் குஞ்சுகளை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள்.

பென்சிலில் எண்ணும் கையெழுத்தும் போட்டு முடித்தாயிற்று. இன்னும் ஒரு படி கிடைக்குமா என்று கேட்கிறார்கள், பலகையில் இப்போது கறுப்புக்கான இடங்களைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. அடுத்தது வேடந்தாங்கல். பறவைகளைச் சுடாமல் பாதுகாக்க 1798லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுத்தில் உத்தரவு வாங்கிய ஊர், பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் வயலுக்கு உரம். அங்கே பச்சைக்கு மட்டும் மூன்று வகை வேண்டியிருக்கும், அதனால் இந்தத் தடவை நிறத்துக்கு ஒரு பலகை என்று தனித்தனியாகவே செதுக்கப் போகிறேன், லினோ செலவு கூடினாலும் பரவாயில்லை.