வீட்டு லோன் முடிஞ்சிருச்சு, கிராண்ட் (வீட்டுப் பத்திரம்) எங்க?

2001-ல பினாங்கு சுங்கை ஆராவுல இந்த டெரஸ் வீட்ட வாங்குறப்ப 30 வருச லோன். எனக்கு அப்ப 27 வயசு, முடியறப்ப 57 ஆயிரும்னு கணக்கு போட்டுப் பாத்து நானும் வீட்டுக்காரரும் சிரிச்சோம், அந்த வயசு நமக்கெல்லாம் வரவே வராதுங்கற மாதிரி. நடுவுல 2020-ல கொரோனாவுக்கு எம்சிஓன்னு ஊரடங்கு வந்துச்சு, ஃபேக்டரில ஓவர்டைம் சுத்தமா இல்ல, எல்லாருக்கும் ஆறு மாசம் மொராட்டோரியம் குடுத்தாங்கள்ல, நாங்களும் எடுத்துக்கிட்டோம். மாசக் காசு கட்ட வேணாம்னாங்களே தவிர வட்டி ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு, அது எங்களுக்கு அப்புறமா ஸ்டேட்மெண்ட பாத்துதான் உறைச்சுச்சு.

சரி போதும்டா சாமின்னு 2024 ஜூன்ல என்னோட ஈபிஎஃப்ல (சம்பளத்துல புடிச்சு வைக்கிற சேமிப்பு) இருந்து எடுத்து முடிச்சிட்டோம். பழைய அக்கவுண்ட் டூ, 2024 மே மாசத்துல இருந்து அதுக்கு அக்காவுன் செஜாத்ரான்னு பேரு, அதுல வீட்டு லோன குறைக்கவோ முடிக்கவோ காசு எடுக்கலாம். பென்சன் காசுல கை வைக்கிறியேன்னு அக்கா திட்டுச்சு. அவ சொல்றதுலயும் நியாயம் இருக்கு, ஆனா மாசாமாசம் சம்பளம் வந்த அன்னைக்கே பாதிய பேங்க் புடுங்கிட்டு போறத 23 வருசம் பாத்தவளுக்குத்தான் தெரியும்.

கூத்து அதுக்கப்புறந்தான். முழுசா கட்டணும்னா பேங்க்ல ரிடெம்ஷன் ஸ்டேட்மெண்ட்னு ஒண்ணு கேட்டு வாங்கணும், இன்ன தேதி வரைக்கும் இவ்வளவு, அந்தத் தேதி தாண்டுனா ஒரு நாளைக்கு இவ்வளவு சேத்துக் கட்டுன்னு அதுல போட்டிருப்பான். எங்களுக்கு 38,000 வெள்ளி (ரிங்கிட்) சில்லறை, ஒரு நாளைக்கு 4 வெள்ளி 16 காசு. நாங்க காசு போட்டது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். அது அவங்க கணக்குல ஏறுனது திங்கக்கிழமை, தேதி தாண்டி மூணு நாளு. மூணு நாலு பன்னெண்டு, 12 வெள்ளி 48 காசு குறையுது. யாரும் போன் பண்ணல, லெட்டர் போடல. நான் பாட்டுக்கு லோன் முடிஞ்சிருச்சுன்னு தண்ணிமலை முருகனுக்கு அர்ச்சனை எல்லாம் பண்ணிட்டு வந்துட்டேன், மூணு மாசம் கழிச்சு லாயர் ஆபீஸ்ல இருந்து கூப்புட்டு அக்கவுண்ட் இன்னும் ஓப்பன்ல இருக்குதேங்கறாங்க. அந்த 12 வெள்ளிக்கும் வட்டி போட்டு வச்சிருந்தாங்க, அது வேற. அதனால கட்டுறவங்க பத்து இருபது வெள்ளி கூடவே போடுங்க, மிச்சம் இருந்தா திருப்பிக் குடுத்துருவாங்க. கட்டி ஒரு வாரத்துல போயி முழுசா முடிஞ்சிருச்சுன்னு லெட்டர் வாங்கிருங்க.

காசு முடிஞ்சா வீடு நம்மளுது ஆயிருச்சுன்னு நெனப்போம், இல்ல. கிராண்ட் மேல பேங்க் பேர்ல ஒரு காடாயான், அதாவது அடமானம், பதிஞ்சு இருக்கும், அத எடுத்தாதான் வேலை முடியும். அதுக்கு பாரம் 16என்-னு ஒண்ணு, பேங்க் கையெழுத்து போட்டுக் குடுக்கணும், அதையும் கிராண்டையும் பழைய காடாயான் பேப்பரையும் சேத்து லாயர் பெஜாபாட் தானாவுல (நெல ஆபீஸ்) பதியணும். லாயர் பீஸ் தனி. இந்த பீஸ பாத்துட்டுதான் நெறைய பேரு எதுக்கு வெட்டியா, கிராண்ட் பேங்க்லயே இருக்கட்டும், திருடனும் எடுக்க மாட்டான் கரையானும் அரிக்காதுன்னு விட்டுர்றாங்க. பட்டர்வொர்த்துல எங்க சித்தப்பா அப்படித்தான் விட்டாரு. 1997 பொருளாதார அடிக்கு அப்புறம் மத்திய வங்கி பேங்க் நெகாரா எல்லா பேங்கையும் சேத்து பத்து குரூப்பா ஆக்குனாங்க ஞாபகம் இருக்கா, அதுல அவரு கடன் வாங்குன பேங்கே இல்லாம போயிருச்சு. பின்னால வீட்ட மகன் பேருக்கு மாத்தப் போனா காடாயான் செத்துப்போன பேங்க் பேர்ல நிக்குது. பழைய பேங்க் புது பேங்குக்குள்ள போனதுக்கு கோர்ட் ஆர்டர தேடு, அந்தக் கிளை ஃபைல் எந்தக் கொடோன்ல இருக்குன்னு தேடுன்னு ஒண்ணரை வருசம் அலைஞ்சாங்க பாவம். சித்தப்பா நல்லா நடக்க முடிஞ்ச காலத்துல போயிருந்தா லாயர் பீஸோட முடிஞ்சிருக்கும்.

இன்னொண்ணு, தரை வீட்டுக்குத்தான் நான் சொல்றது. ஸ்ட்ராட்டா டைட்டில் (ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் தனியா வர்ற கிராண்ட்) இன்னும் வராத ஃபிளாட்டா இருந்தா 16என் கிடையாது, வாங்குனப்ப பேங்குக்கு எழுதிக்குடுத்த உரிமைய திருப்பி நம்ம பேருக்கே எழுதி வாங்குற பத்திரம் ஒண்ணு இருக்கு, லாயர கேளுங்க.

எங்க கிராண்ட் நவம்பர்லதான் கைக்கு வந்துச்சு. பிரவுன் கவருக்குள்ள ரெண்டே பேப்பர், இதுக்கா இவ்வளவு பாடுன்னு இருந்துச்சு. மேல மாநில முத்திரை, லோட் நம்பர், சதுர மீட்டர் கணக்கு, பின்னால நம்ம வீட்டு பிளான் ஒரு தீப்பெட்டி சைசுல. வீட்டுக்காரரு கண்ணாடிய மாட்டிக்கிட்டு ஒவ்வொரு வரியா வெரல வச்சு படிச்சாரு. காடாயான்னு ஆரம்பிக்கிற வரியில பேங்க் பேரு இருக்கு, அதுக்குக் கீழ விடுவிச்சாச்சுன்னு இன்னொரு வரி. அந்த ரெண்டாவது வரியில வெரல அப்படியே வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் உக்காந்திருந்தாரு.

இப்ப வைக்கிறது எங்க? அப்பா, புக்கிட் மெர்தாஜாம் நெலத்து கிராண்ட பிஸ்கட் டின்ல வச்சு அலமாரி மேல ஏத்தி வச்சிருந்தாரு. டின்னுக்குள்ள கரையான் வரல, ஆனா நம்ம ஊரு புழுக்கம் சும்மா விடுமா, பேப்பர்ல குத்தி வச்ச குண்டூசி துருப்பிடிச்சு கரெக்டா லோட் நம்பர் மேலயே ஒரு காவி கறை. அதனால பின்னு, கிளிப்பு, ரப்பர் பேண்டு எல்லாத்தையும் கழட்டிருங்க. லேமினேட் பண்ணவே பண்ணாதீங்க, நாளைக்கு வித்தாலோ பேர் மாத்துனாலோ அந்த ஒரிஜினலத்தான் பெஜாபாட் தானாவுல குடுக்கணும். எம்மவன் கோலாலம்பூர்ல இருந்து போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடும்மாங்கறான். போட மாட்டேன்னுட்டேன், ஐசி (அடையாள அட்டை) நம்பர் வரைக்கும் எல்லாம் அதுல இருக்கு.

ஆனா பூட்டி வச்சிட்டா மட்டும் ஆச்சுன்னு இல்ல. நம்ம பினாங்குலயே, தஞ்சோங் பூங்காவுல, தாய்லாந்து அம்மா ஒருத்தங்களோட நெலத்த அவங்க பேர்ல வேற ஒருத்தி வந்து, கிராண்ட் காணாம போச்சுன்னு பொய் சத்தியம் பண்ணி வேற கிராண்ட் வாங்கி, 1989-ல வித்தே புட்டா. நெலத்துக்கு சொந்தக்காரங்க எதுலயும் கையெழுத்து போடல. 2000-ல ஃபெடரல் கோர்ட் என்ன சொல்லுச்சு தெரியுமா, வாங்குனவங்க நல்லெண்ணத்துல வாங்கிட்டாங்க, நெலம் அவங்களுக்குத்தான்னு! அந்தத் தீர்ப்பு தப்புன்னு அதே கோர்ட் சொல்ல 2010 ஆச்சு. லாயர் இந்தக் கதைய சொன்னப்பதான் எனக்கு வயித்த கலக்குச்சு. இத்தன வருசமா பேங்க் நம்ம கழுத்த புடிச்சிருக்குன்னு நெனச்சேன், ஒரு விதத்துல காவலும் அதுதான் இருந்துச்சு, காடாயான் இருக்குற வீட்ட பேங்குக்குத் தெரியாம எவனும் சட்டுனு விக்க முடியாதுல்ல.

அதனால வருசத்துக்கு ஒருவாட்டி, அர்ச்சனைக்கு தேதி குறிக்கிற மாதிரி, நெல ஆபீஸ் இருக்குற கொம்தார் கட்டடத்துக்குப் போயி கிராண்ட் நம்பர குடுத்து ஒரு சாரியான் (பதிவ தேடிப் பாக்குற பேப்பர்) எடுத்துப் பாக்குறதுன்னு முடிவு பண்ணிருக்கேன். காசு கொஞ்சந்தான். யாரு பேரு இருக்கு, புதுசா ஏதாவது பதிஞ்சிருக்கான்னு ஒரு பார்வ. அப்படியே பக்கத்துல ஒரு செண்டோல் சாப்புட்டு வரலாம்.

ஒரிஜினல் எங்க இருக்குன்னு இங்க எழுத மாட்டேன். மகனுக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும். வீட்டுக்காரருக்கு மூணு தடவ சொல்லிட்டேன், நேத்து கூட எங்க வச்சன்னு கேட்டாரு.

ஆங், ஒண்ணு விட்டுட்டேன். ஜனவரில அடுத்த தெருவுல வயரிங் கோளாறுல ஒரு வீடு பாதி எரிஞ்சிருச்சு. அப்பதான் தோணி பேப்பர எடுத்துப் பாத்தா, இவ்வளவு நாளா தீ இன்சூரன்ஸ பேங்கே வருசா வருசம் புதுப்பிச்சு லோன் கணக்குல ஏத்திக்கிட்டு இருந்திருக்கு. லோன் முடிஞ்சதால இந்தவாட்டி பேங்க் புதுப்பிக்கல, பழசு முடிஞ்சு அஞ்சு வாரமா வீட்டுக்கு இன்சூரன்ஸே இல்ல. மறுநாள் லஞ்ச் டைம்ல ஓடிப்போயி எடுத்துட்டு வந்தேன். அந்தப் பேப்பரையும் பின்னு குத்தாம கிராண்ட் கூடவே வச்சிருக்கேன்.