மரி மரம் காட்டிய மண்: மார்கரெட் ரிவரில் ஒரு பகல்

மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில், வடக்கே நேச்சுரலிஸ்ட் முனைக்கும் தெற்கே லூவின் முனைக்கும் இடையில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளத்துக்கு நீண்டு கிடக்கும் மார்கரெட் ரிவர் திராட்சைப் பகுதியை ஒரே பகலில் முழுதும் பார்த்துவிட முடியாது. அதனால், அருகிலுள்ள கடலோர ஊரான பஸ்ஸல்டனிலிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் சிற்றுந்துப் பயணத்துக்கு இடம் பதிவு செய்தபோது, எத்தனை தோட்டங்களைக் காட்டுவார்கள் என்று கேட்காமல், எத்தனை பேரை ஏற்றிக்கொள்வார்கள் என்றுதான் கேட்டேன். எட்டுப் பேர் என்றார்கள். நாற்பது பேர் பேருந்திலிருந்து இறங்கினால் ஒயின் ஊற்றுபவர் ஊற்றிக்கொண்டே இருப்பார். எட்டுப் பேர் இறங்கினால் பேசுவார். இந்தப் பகுதியைப் பொறுத்தவரை ஊற்றப்படுவதைவிடப் பேசப்படுவதே சுவையானது என்பது என் எண்ணம்.

இங்கே திராட்சை வந்த கதை அவ்வளவு பழையதன்று. 1960களின் நடுவில் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்ற வேளாண் அறிவியலாளர், இந்தக் கரையின் தட்பவெப்பம் பிரான்சின் போர்தோ பகுதியை ஒத்திருப்பதாகவும், உயர்தரமான ஒயினுக்கு ஏற்றதென்றும் எழுதினார். அதைப் படித்த டாம் கலிட்டி என்ற பெர்த் நகர இதய மருத்துவர், 1967இல் இந்தப் பகுதியிலுள்ள வில்யாப்ரப் என்ற இடத்தில் நிலம் வாங்கி, வாஸ் ஃபீலிக்ஸ் தோட்டத்தின் முதல் கொடிகளை நட்டார். அவரைத் தொடர்ந்து மாஸ் வுட், கல்லன் ஆகிய தோட்டங்களைத் தொடங்கியவர்களும் மருத்துவக் குடும்பத்தினரே. கொடி காய்த்து, ஒயின் முதிர்ந்து, காசாக மாறும்வரை பல ஆண்டுகள் காத்திருக்க வேறொரு வருமானம் இருந்தாக வேண்டும் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை.

கலிட்டி நிலம் தேடியபோது மண்ணோடு மரத்தையும் பார்த்தார். யூகலிப்டஸ் இனத்துக்கு நெருங்கிய உறவான மரி என்ற மரம் செழித்து நிற்கும் இடத்தில், நீர் தேங்காமல் வடியும் சரளை கலந்த மண் இருக்கும் என்பது அந்தப் பக்கத்து அனுபவ அறிவு. வேர் அழுகாமல் ஆழமாக இறங்க அத்தகைய மண்தான் வேண்டும். எங்கள் வண்டி கேவ்ஸ் சாலையில் போகும்போது இருபுறமும் நின்ற மரங்களை ஓட்டுநர் அடிக்கடி கைகாட்டிச் சொல்லிக்கொண்டே வந்ததன் காரணம் எனக்கு முதல் தோட்டத்தில்தான் விளங்கியது. அதே மரம் அறுவடைக் காலத்தில் இன்னொரு வேலையும் செய்கிறது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட சில்வர்ஐ என்ற சிறு பறவைக்கு மரிப் பூவின் தேன் மிகவும் பிடிக்கும். கோடையின் பிற்பகுதியில் மரி நன்றாகப் பூத்தால் பறவைகள் காட்டிலேயே தங்கிவிடும். பூக்காத ஆண்டில் கூட்டமாகத் திராட்சைக்கு வந்துவிடும். நாங்கள் போன பிப்ரவரி இறுதியில், அதாவது அங்கே கோடை முடியும் நேரத்தில், கொடி வரிசைகள்மீது வெள்ளை வலைகள் போர்த்தப்பட்டிருந்தன. வலை எளிதாகக் கிடைக்காத காலத்தில் கலிட்டி இந்தப் பறவைகளை விரட்ட ஒரு வல்லூறைக் கொண்டுவந்து பழக்கினார். அதுவோ அவிழ்த்துவிட்டதும் பறந்து போய்த் திரும்பவே இல்லை. வாஸ் ஃபீலிக்ஸின் புட்டிச் சீட்டில் இன்றும் இருப்பது அந்த வல்லூறுதான். தோல்வியைச் சின்னமாக வைத்துக்கொண்ட நிறுவனத்தை எனக்குப் பிடித்துப்போனது.

மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நிலம் என்பதால், கோடையில் பகல் வெயில் ஏறும்போது கடற்காற்று வந்து தணிக்கிறது. குளிர்காலத்திலும் கடுங்குளிர் இல்லை, துளிர் கருகும் அளவுக்குப் பனி விழுவது அரிது. மழையில் பெரும்பகுதி குளிர்காலத்திலேயே பெய்துவிடுவதால், பழம் முற்றும் மாதங்கள் வறண்டிருக்கின்றன. கேபர்னே சோவிஞான் போன்ற தாமதமாகப் பழுக்கும் கறுந்திராட்சைக்கு இதைவிட ஏற்ற ஏற்பாடு வேண்டியதில்லை. கடல் தொல்லையும் தருகிறது. இங்குள்ள ஷார்டனே என்ற வெள்ளைத் திராட்சைக் கொடிகளில் பெரும்பாலானவை ஜின்ஜின் என்ற வகையைச் சேர்ந்தவை; ஒரே கொத்தில் பெரிய பழங்களும் மிளகளவு சிறிய பழங்களும் கலந்து காய்ப்பது அதன் இயல்பு. பூக்கும் பருவத்தில் வீசும் குளிர்ந்த காற்று அந்தக் குறையைக் கூட்டுகிறது. விளைச்சல் குறைந்தாலும், சிறிய பழத்தில் சாற்றுக்கு ஈடாகத் தோல் மிகுதி என்பதால் சுவை செறிகிறது. கோப்பையில் முதலில் புளிப்பும், பிறகு நெடுநேரம் தங்கும் ஒரு கனமும் தெரிந்தன.

சுவைக்கும் கூடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மேசையில் துப்புவதற்கென்று ஒரு கலயம் இருக்கும். அதில் துப்புவது அநாகரிகமன்று, தொழில் தெரிந்தவர்கள் செய்வதே அதுதான். மூன்று இடங்களுக்குமேல் போனால் நாக்கு எதையும் பிரித்தறிவதில்லை. எங்கள் பயணத்தின் நான்காவது கூடம் எனக்கு வீண். ஆஸ்திரேலியாவில் வண்டி ஓட்டுபவரின் இரத்தத்தில் 0.05 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் இருக்கக் கூடாது என்பதால், வாடகைக் காரை எடுத்துக்கொண்டு தனியாகச் சுற்ற நினைப்பவர் சுவைக்கும் வாய்ப்பையே பாதி இழப்பார்.

போக நினைப்பவர்கள் பிப்ரவரி பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் வரையுள்ள அறுவடைக் காலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். தோட்டத்தில் வேலை நடப்பதைப் பார்க்க அதுவே பொருத்தமான பருவம். பதிவு செய்வதற்கு முன், கொடி வரிசைக்குள் நடக்க விடுவார்களா என்பதைக் கேட்டுவிடுங்கள், ஏனெனில் பல பயணங்கள் கூடத்திலிருந்து கூடத்துக்கு மட்டுமே கூட்டிச் செல்கின்றன. பெர்த்திலிருந்து மார்கரெட் ரிவர் ஊருக்குச் சாலை வழியே ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். அன்றே போய் அன்றே திரும்ப முயலாமல், முந்தைய இரவே பஸ்ஸல்டனில் தங்கிவிடுவது நல்லது. 1,841 மீட்டர் நீளமுள்ள அதன் மரப் பாலத்தில் கடலுக்குள் நடந்துவர அந்த மாலை போதுமானது.