கோப்பில் இல்லாத மனிதர்

மரண தண்டனை ஒழிப்பு இயக்கத்தில் ஈடுபட்டுள்ள ஒரு வழக்கறிஞரிடம், கோலாலம்பூரில், ஆவண உதவியாளராக வேலை செய்கிறேன். கூட்டங்களுக்குத் துண்டறிக்கை தயாரிப்பதும் என் வேலைதான். ஆனால் 2023க்குப் பிறகு, தூக்குக் கைதிகளின் குடும்பங்களைத் தேடிப்போய்ப் பழைய காகிதங்களைக் கேட்பதிலேயே என் நேரத்தில் பெரும்பகுதி போகிறது.

அந்த ஆண்டு ஜூலை 4ஆம் தேதி, கட்டாய மரண தண்டனையை நீக்கும் சட்டம் நடப்புக்கு வந்தது. தூக்கு நீங்கிவிட்டதாகவே பலர் நினைத்துக் கொண்டார்கள்; நீங்கியது கட்டாயம் மட்டும்தான். கொலை வழக்கில் தூக்கு அல்லது 30 முதல் 40 ஆண்டுச் சிறை, போதைப்பொருள் கடத்தலில் தூக்கு அல்லது ஆயுள் சிறை என நீதிபதி தேர்ந்தெடுக்கலாம். மேல்முறையீடுகளெல்லாம் முடிந்து காத்திருந்தவர்களும் மலேசியாவின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்தில் மறு ஆய்வு கோர, செப்டம்பரில் நடப்புக்கு வந்த இன்னொரு சட்டம் வழிவிட்டது. குற்றவாளி என்ற தீர்ப்பைத் தொட முடியாது; தண்டனையைப் பற்றி மட்டுமே பேசலாம்.

பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று கோப்பைத் திறந்தால்தான் சிக்கல் தெரியும். 1983 முதல் பல ஆண்டுகள் கடத்தலுக்குத் தூக்கு ஒன்றே தண்டனையாக இருந்தது. 15 கிராம் ஹெராயினுடன் பிடிபட்டாலே கடத்தல்காரர் என்று சட்டம் அனுமானித்துவிடும்; அப்படியில்லை என்று நிறுவுவது பிடிபட்டவர் பாடு. பை யாருடையது, சாவி யார் கையில் இருந்தது, எடை எவ்வளவு என்பதைச் சுற்றியே விசாரணை நடந்தது. பிடிபட்டவர் எப்படி வளர்ந்தார் என்று கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதால் யாரும் கேட்கவில்லை. அதனால் வேதியியல் அறிக்கை பக்கம் பக்கமாக இருக்கும். அவர் எந்த வகுப்புவரை படித்தார் என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது.

செந்தூல் அடுக்குமாடி வீட்டில் ஒரு தாயார், நகைக்கடைத் துணிப்பை ஒன்றை என் முன் கவிழ்த்தார். மகனின் பிறப்புப் பத்திரம், ஐந்தாம் வகுப்புத் தேர்ச்சி அறிக்கை, மூலை கிழிந்த தமிழ்ப்பள்ளி வகுப்புப் படம், அவ்வளவுதான். சிறுவயதில் செம்பனைத் தோட்டத்தில் லாரியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதாகவும், அதன் பிறகு பையன் பழைய மாதிரி இல்லை என்றும் சொன்னார். தோட்ட ஆஸ்பத்திரியின் மருத்துவ உதவியாளரை டிரஸ்ஸர் என்பார்கள். “டிரஸ்ஸர் புத்தகத்துல எழுதி வச்சிருந்தாரு, தங்கச்சி. தோட்டத்த வித்தப்போ ஆஸ்பத்திரியையும் சேத்து இடிச்சிட்டாங்க.” ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு அந்தப் பையனை நினைவிருந்ததால், அவரிடம் சத்தியப் பிரமாண வாக்குமூலம் வாங்கினோம். மருத்துவச் சான்று இருந்திருந்தால் அதன் எடையே வேறு.

வசதியுள்ள குடும்பம் என்றால் மனநல நிபுணரின் அறிக்கை, முதலாளியின் கடிதம், சங்கத்தின் நற்சான்று எல்லாம் ஒரு வாரத்தில் மேசைக்கு வந்துவிடும். நீதிபதிக்குத் தேர்வுரிமை கொடுத்ததே போதும் என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போகாததற்கு இதுதான் காரணம். தாளில் பதிவான வாழ்க்கைக்கும் பதிவாகாத வாழ்க்கைக்கும் ஒரே தட்டில் உயிரை வைத்து நிறுக்கும் ஏற்பாடு, கட்டாயம் நீங்கியதால் மட்டும் நியாயமாகிவிடாது.

கோயில் மண்டபக் கூட்டமொன்றில் ஒரு பெரியவர், “கொலையானவன் வீட்டுக்கு யாரும்மா போறீங்க?” என்று கேட்டார். கேள்வி சரியானது. எங்கள் இயக்கம் அந்த வீடுகளுக்குப் போதுமான அளவு போகவில்லை; தூக்கை ஆதரிப்பவர்கள் போய் நானும் பார்த்ததில்லை.

இப்போது புதிய வழக்கு வந்தால், முதல் சந்திப்பிலேயே பள்ளி, வேலை, நோய், விபத்து என எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்கிறோம். குற்றத்தையே மறுப்பவரிடம் தண்டனைக் குறைப்புக்கான தகவலைக் கேட்பது சங்கடமான வேலை. “அப்போ நான் செஞ்சேன்னு நீங்களும் முடிவு பண்ணிட்டீங்களா?” என்று சிலர் கோபப்படுவார்கள். தீர்ப்பு வரும்வரை அந்தத் தாள்களை வாதக் கோப்போடு சேர்க்காமல் தனி உறையில் வைக்கிறோம் என்று விளக்கிய பிறகே பேசத் தொடங்குவார்கள்.