அட்டையின் பின்புறத்தில் ஒரு தமிழ்க் கையெழுத்து

2014 ஜனவரியில், கணவரின் வேலை மாற்றத்தை ஒட்டித் திருச்சியிலிருந்து நியூ ஜெர்சி மாநிலத்தின் எடிசனுக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது, ஊரெல்லாம் பனி முழங்கால் உயரத்துக்குக் கொட்டிக் கிடந்தது. வந்த இரண்டாம் வாரத்தில் போர்வையும் பாத்திரமும் வாங்கப் போன கடையில், விலை போட்டு முடித்த பெண் என்னை நிமிர்ந்து பார்த்து, "டெபிட்டா, கிரெடிட்டா?" என்று கேட்டார். கையில் இருந்தது புதிதாகத் தொடங்கிய வங்கிக் கணக்கின் டெபிட் கார்டு ஒன்றுதான். அதற்கான பின் எண் இன்னும் தபாலில் வந்து சேரவில்லை என்று தயங்கியபடி சொன்னேன். அவரோ அதனால் ஒன்றும் இல்லை என்று சொல்லி, கிரெடிட் என்ற பொத்தானை அழுத்தச் செய்து, திரையில் ஒரு கையெழுத்தை இடச் சொல்லி அனுப்பிவிட்டார். சாவி இல்லையென்றால் கதவைத் தள்ளினாலே திறந்துகொள்ளும் பூட்டு இது என்று தோன்றியது.

எனக்கு ஏற்பட்ட திகைப்புக்குக் காரணம் உண்டு. நான் கிளம்புவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், 2013 டிசம்பர் 1 முதல், கடைகளில் டெபிட் கார்டைத் தேய்க்கும்போதெல்லாம் பின் எண்ணைக் கட்டாயம் இட வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் ஆணை இந்தியாவில் நடைமுறைக்கு வந்திருந்தது. இணையத்தில் அட்டையைப் பயன்படுத்துவதற்கோ 2009 முதலே இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயமாகியிருந்தது. ஆகவே, அட்டை என்றால் அதனுடன் ஒரு ரகசிய எண் இருந்தே தீரும் என்ற நினைப்போடு விமானம் ஏறியவள் நான். அந்த ரகசியத்தை நம்மவர்கள் எவ்வளவு காப்பாற்றினார்கள் என்பது வேறு கதை. உணவகத்துப் பையன் கல்லாவிலிருந்தபடியே "பின் நம்பர் சொல்லுங்க சார்" என்று குரல் கொடுப்பதும், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எச்சில் கையோடு நான்கு எண்களையும் உரக்கச் சொல்வதும் எங்கள் ஊரில் அன்றாடக் காட்சிகள்.

கையெழுத்து என்பது எங்கள் வீட்டில் விளையாட்டான காரியம் அன்று. அப்பா கூட்டுறவு வங்கி ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதிரிக் கையெழுத்து அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, காசோலையில் இருக்கும் எழுத்தின் சுழியும் கொம்பும் அதனோடு பொருந்துகின்றனவா என்று பார்ப்பதும், பொருந்தாவிட்டால் தெரிந்தவர் என்றும் பாராமல் திருப்பி அனுப்புவதும் அவருடைய அன்றாட வேலையின் பகுதியாக இருந்தன. கைநாட்டு வைக்க வந்த விவசாயிகளுக்குப் பெயரை எழுதக் கற்றுக்கொடுத்ததைப் பற்றி இன்றும் பெருமையாகப் பேசுவார். நான் தமிழில் கையெழுத்திடுவதும் அவர் வைத்த பழக்கமே. முதலெழுத்து உட்பட முழுப் பெயரும் தமிழில் இருக்கும். என் கடவுச்சீட்டிலும் அதுதான். அமெரிக்காவில் கிடைத்த அட்டையின் பின்புறத்தில் இருந்த வெள்ளைப் பட்டையிலும், "கையெழுத்திடப்படாவிட்டால் செல்லாது" என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்த வரிக்கு மேலே, அதையே சிரத்தையாக எழுதினேன்.

அந்தச் சிரத்தை நான்கைந்து மாதம் தாங்கியது. கடைத் திரையில் பிளாஸ்டிக் குச்சியைக் கொண்டு தமிழ் எழுத்தின் வளைவுகளை வரைவது கடினம் என்பதால் முதலில் பெயரின் பாதி போயிற்று, பிறகு முதலெழுத்து மட்டும் நின்றது, அதன் பிறகு ஒரு கோடு மட்டுமே மிஞ்சியது. ஒருமுறை என் மகன் அந்த இடத்தில் பூனை ஒன்றை வரைந்தான். இயந்திரம் அதையும் ஏற்றுக்கொண்டு ரசீதைத் துப்பியது. யாரும் அட்டையைத் திருப்பிப் பார்க்கவில்லை. அப்பாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, "அப்படியானால் அதை எதற்கு வாங்குகிறார்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை எனக்கு அந்த ஆண்டின் இறுதியில்தான் கிடைத்தது.

நாங்கள் வந்திறங்குவதற்குச் சற்று முன்பு, 2013 நவம்பர், டிசம்பர் மாதங்களில், டார்கெட் என்ற அமெரிக்கக் கடைத் தொடரின் பணம் செலுத்தும் கணினிகளுக்குள் திருடர்கள் நுழைந்து ஏறத்தாழ 4 கோடி அட்டைகளின் விவரங்களை அள்ளிச் சென்றிருந்தார்கள். அட்டையின் காந்தப் பட்டையில் இருக்கும் விவரம் எப்போதும் மாறாதது. அதை ஒருமுறை நகலெடுத்துவிட்டால் இன்னொரு வெற்று அட்டையில் எழுதிக்கொண்டு கடை கடையாகப் போகலாம். அட்டையில் பதிக்கப்படும் சிப் அவ்வாறு அன்று; ஒவ்வொரு விற்பனைக்கும் புதிதாக ஒரு குறியீட்டைக் கணக்கிட்டுத் தருவதால், பழையதைத் திருடியவனுக்கு அதனால் பயன் இல்லை. 2014 நவம்பரில் என் அட்டையின் எண்ணும் யாரிடமோ போய்ச் சேர்ந்திருந்தது. நான் பார்த்தேயிராத டெக்சாஸில், ஒரு மின்னணுப் பொருள் கடையில் 412 டாலருக்கு ஏதோ வாங்கப்பட்டிருந்தது. கை நடுங்க வங்கியை அழைத்தேன். மறுமுனையில் இருந்தவர் சலிப்பும் வியப்பும் இல்லாத குரலில் மூன்று கேள்விகள் கேட்டார். அந்தச் செலவு என் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. ஒரு வாரத்தில் புதிய அட்டை வந்தது. அந்தக் கையெழுத்து என்னுடையது என்று வாதாட அங்கே எவருக்கும் அக்கறை இல்லை.

இதை அப்பாவுக்கு நேர்ந்ததோடு ஒப்பிடாமல் என்னால் இருக்க முடியவில்லை. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு அவருடைய கணக்கிலிருந்து, அவர் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஏடிஎம் வழியாக 18,000 ரூபாய் போயிற்று. கிளையில் அவருக்குச் சொல்லப்பட்ட பதில் ஒன்றே: "சரியான பின் எண் இடப்பட்டிருக்கிறது, ஆகவே எடுத்தது நீங்கள், அல்லது நீங்கள் எண்ணைச் சொல்லிய ஒருவர்." வாழ்நாள் முழுவதும் பிறருடைய கையெழுத்தைச் சரிபார்த்த மனிதர், தம்முடைய நேர்மையை நான்கு எண்களுக்கு எதிராக நிறுவ முடியாமல் திரும்பி வந்தார்.

அமெரிக்காவில் கிரெடிட் கார்டு தவறாகப் பயன்படுத்தப்பட்டால் உரிமையாளர் ஏற்க வேண்டிய இழப்புக்குச் சட்டம் 50 டாலர் என்ற உச்சவரம்பை 1970களிலேயே விதித்துவிட்டது. நடைமுறையில் வங்கிகள் அதையும் கேட்பதில்லை. டெபிட் கார்டுக்கு விதி சற்றுக் கடுமையானது: இரண்டு வேலை நாளுக்குள் தெரிவித்தால் 50, தாமதித்தால் 500 டாலர் வரை, மிகவும் தாமதித்தால் அதற்கு மேலும். அதனால்தான் இங்கு வந்து சேரும் உறவினர்களிடம், முன்பணம் கட்டியாவது முதலில் ஒரு கிரெடிட் கார்டு வாங்கிவிடுங்கள், பெட்ரோலுக்கும் உணவகத்துக்கும் டெபிட் கார்டை நீட்டாதீர்கள் என்று சொல்லிவருகிறேன். இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில்தான் வாடிக்கையாளரின் பொறுப்பை வரையறுத்தது. பிறர் செய்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு அவருடையது அன்று என்பது அதன் சாரம். அப்பாவுக்கு அது காலம் கடந்து வந்த மருந்து.

கையெழுத்தைக் கேட்டவர்கள் அதை நம்பவில்லை என்பதும், அதன் பொய்க்கான விலையைத் தாமே ஏற்றுக்கொண்டிருந்தார்கள் என்பதும் எனக்குப் புரிந்தன. பின் எண் திருடனை நன்றாகத் தடுக்கிறது. ஆனால் தடுக்கத் தவறும் அன்று, அது நமக்கு எதிரான சாட்சியாகக் கூண்டில் ஏறி நிற்கிறது.

2015 அக்டோபர் 1 முதல், சிப் இயந்திரம் வைக்காத கடையில் போலி அட்டையால் இழப்பு நேர்ந்தால் அந்தக் கடையே ஏற்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் வந்தது. அதன் பிறகும் பல மாதங்கள், சிப் துளையில் ஒட்டுநாடாவை ஒட்டி "தேய்க்கவும்" என்று எழுதி வைத்திருந்த கடைகளைப் பார்த்தேன். சிப் வந்தது, பின் வரவில்லை. சிப்பைச் செருகிவிட்டு அதே பழைய கோட்டை வரைந்தோம். ஒவ்வொருவர் பையிலும் நான்கைந்து அட்டைகள் இருக்கும் நாட்டில், எண்ணை நினைவில் வைக்கச் சொல்லும் அட்டையை விட்டுவிட்டு வாடிக்கையாளர் அடுத்த அட்டையை எடுத்துவிடுவார் என்று வங்கிகள் அஞ்சின. உணவகங்களின் வழக்கமும் இடையூறாக இருந்தது. இங்கு பரிமாறுபவர் அட்டையைக் கண்மறைவாகக் கொண்டுபோய்த் தேய்த்துவிட்டு வருவார். நாம் டிப் தொகையை எழுதிக் கையெழுத்திட்டுக் கிளம்பிய பின்னரே மொத்தத் தொகை பதிவாகும்.

பென்சில்வேனியாவுக்குப் போனபோது வேறொரு வேடிக்கை. நியூ ஜெர்சியில் 1949 முதல் நாமே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளச் சட்டம் இடம் தருவதில்லை என்பதால், பம்பு இயந்திரத்தின் கேள்விகளை அதுவரை நான் சந்தித்ததில்லை. அட்டை நம்முடையதுதானா என்று சரிபார்க்க அது ஐந்து இலக்கத் தபால் குறியீட்டைக் கேட்டது. உடன் வந்திருந்த மாமா, தம்முடைய இந்திய அட்டையைச் செருகிவிட்டு, திருச்சியின் ஆறு இலக்கப் பின்கோடை எப்படிச் சுருக்குவது என்று குளிரில் நின்று யோசித்துக்கொண்டிருந்தார்.

2016 கோடையில் ஐரோப்பா சென்றபோதுதான் நிலைமை தலைகீழாயிற்று. வங்கி அட்டைகளில் சிப்பும் பின் எண்ணும் 1992 முதலே பரவலாகிவிட்ட பிரான்சில், ஆளில்லாத ரயில் சீட்டு இயந்திரம் என் அமெரிக்க அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தது. நீண்ட வரிசையில் நின்று மனிதரிடமே சீட்டு வாங்கினோம். லண்டனின் ஈஸ்ட் ஹாமில், பிரிட்டனில் பின் எண் கட்டாயமான 2006 பிப்ரவரிக்குப் பிறகு கையெழுத்தையே மறந்துவிட்ட ஒரு மளிகைக் கடையில், இயந்திரம் கையெழுத்துச் சீட்டை நீட்டியதும் கல்லாவில் இருந்த ஈழத்து இளைஞர் சற்றுத் தடுமாறிப் பேனாவைத் தேடினார். நான் வழக்கம்போலக் கோடு ஒன்றை இழுத்துக் கொடுத்தேன். அவர் அட்டையைத் திருப்பினார், பின்புறத்தைப் படித்தார். "தமிழிலயே கையெழுத்து வைக்கிறனீங்கள், அக்கா?" என்று கேட்டுவிட்டு, சீட்டில் இருந்த கோட்டைக் காட்டி, "இது பொருந்தேல்லையே" என்றார். அப்பாவின் மேசைக்கு முன்னால் நிற்பதுபோல் வெட்கம் வந்தது. சீட்டை வாங்கி, கோட்டுக்குக் கீழே, முதலெழுத்து தொடங்கி முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பையைத் தந்தார்.

2018 ஏப்ரலில் பெரிய அட்டை நிறுவனங்கள் அமெரிக்காவில் கையெழுத்து தேவை என்ற விதியையே கைவிட்டன. அண்மையில் தபாலில் வந்த என் புதிய அட்டையின் பின்புறத்தில் வெள்ளைப் பட்டையே இல்லை. பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். இப்போது கடைகளில் அட்டையை இயந்திரத்தின் மேல் காட்டிவிட்டு நடந்துவிடுகிறோம். உணவகங்களில் மட்டும் இன்னமும் சீட்டு வருகிறது. ஈஸ்ட் ஹாமுக்குப் பிறகு அதில் நான் கோடு இழுப்பதில்லை. முழுப் பெயரையும் தமிழில் எழுதுகிறேன். எடுக்க வருகிறவரின் கண் அதற்கு மேல் வரியில், டிப் எழுதும் இடத்தில்தான் நிற்கிறது.